அலமாரியில் உறங்கும் ஸ்ப்ளின்ட்

சில மாதங்களுக்கு முன் எங்கள் மூட்டுவாதவியல் வெளிநோயாளர் பிரிவுக்கு ஓர் அம்மையார் தம் மகளுடன் வந்திருந்தார். வயது 52. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனப்படும் முடக்குவாதத்துக்கு ஏழு ஆண்டுகளாக மருந்து உட்கொண்டு வருபவர். அன்று அவருடைய இரத்தப் பரிசோதனை முடிவுகள் நன்றாக இருந்தன. வீங்கிய மூட்டுகளை எண்ணிப் பார்த்தோம். முந்தைய முறையைவிடக் குறைவு. மருந்தை மாற்ற வேண்டியதில்லை என்று எழுதிக்கொண்டிருந்தபோது மகள் ஒரு துணிப்பையைத் திறந்து, மணிக்கட்டுக்கான ஸ்ப்ளின்ட் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். ஈராண்டுகளுக்கு முன் நாங்களே எழுதிக் கொடுத்தது. கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறைகூடக் கசங்கவில்லை.

“அம்மா இதைப் போடுறதே இல்லை டாக்டர். நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க” என்றார் மகள்.

அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “போட்டா வேலை ஓட மாட்டேங்குது. வேலை பார்க்காம சும்மா இருந்தா வலியே இல்லையே, அப்புறம் இது எதுக்கு?” என்றார்.

அவரைக் கடிந்துகொள்வோம் என்று மகள் எதிர்பார்த்தார். ஆனால் அம்மையாரின் கேள்வியில் நியாயம் இருந்தது. அந்த ஸ்ப்ளின்டைக் கையில் மாட்டிக் காட்டச் சொன்னோம். அது உள்ளங்கை முழுவதையும் மூடி விரற்கணுக்கள் வரை நீண்டது. அவரால் விரல்களை மடக்க இயலவில்லை. அளவு பெரியது. பழைய சீட்டைப் புரட்டினோம். எந்தக் கைக்கு, எந்த வேலைக்கு, எவ்வளவு நேரம் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. ‘மணிக்கட்டு ஸ்ப்ளின்ட் - 1’ என்று மட்டுமே எழுதியிருந்தோம். தவறு எங்களுடையது.

இத்தகைய ஸ்ப்ளின்ட்கள் பல வீடுகளில் பீரோவின் மேல்தட்டில், பழைய எக்ஸ்ரே உறைகளுக்கு அடியில் உறங்குகின்றன. மாத்திரையைப் போல் ஸ்ப்ளின்டையும் சீட்டில் எழுதி அனுப்பிவிடும் பழக்கத்தை மருத்துவர்களாகிய நாங்கள் கைவிட வேண்டும். நோயாளியின் அன்றாட வேலைகளைக் கேட்டறிந்து செய்யப்படும் ஆக்குபேஷனல் தெரபியின் ஒரு பகுதியாகவே அது அவருடைய கைக்கு வந்து சேர வேண்டும். இதுவே எங்கள் கருத்து. அவ்வாறு நிகழாதபோது கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

மணிக்கட்டில் நடப்பது என்ன?

முடக்குவாதம் என்ற சொல்லைக் கேட்டதும் சிலர் பக்கவாதம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல், தன் மூட்டுகளின் உட்சவ்வையே பகையாகக் கருதித் தாக்குவதால் வருவது இந்நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக வருகிறது. சவ்வு வீங்குகிறது, நாளடைவில் குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்படுகின்றன, மூட்டைப் பிணைத்து நிறுத்தும் தசைநார்கள் தளர்கின்றன. காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாத விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும்.

இந்நோய் மிகுதியாகத் தாக்கும் இடங்களில் ஒன்று மணிக்கட்டு. எட்டுச் சிறிய எலும்புகள் இரண்டு வரிசைகளாக அடுக்கப்பட்ட இடம் அது. விரல்களை இயக்கும் தசைகளில் பெரும்பாலானவை முன்கையில் இருக்கின்றன. அவற்றின் நாண்கள் மணிக்கட்டைக் கடந்தே விரல்களுக்குச் செல்கின்றன. எனவே மணிக்கட்டு தளர்ந்தால், விரல்கள் நலமாக இருப்பினும் பிடியின் வலு குறைகிறது.

இதை உங்கள் கையிலேயே நீங்கள் அறியலாம். மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக நன்றாக மடக்கிக்கொண்டு ஒரு பேனாவை இறுகப் பற்றிப் பாருங்கள். பிடி நழுவும். இப்போது மணிக்கட்டைச் சற்றே பின்புறமாக உயர்த்திப் பற்றிப் பாருங்கள். பிடி உறுதிப்படும். வலியும் வீக்கமும் உள்ள மணிக்கட்டு, சுமை ஏறும்போது இந்த நிலையில் நிற்க முடியாமல் தொய்ந்துவிடுகிறது. வேலைக்கான ஸ்ப்ளின்ட், அதைச் சற்றே பின்னுயர்ந்த நிலையில் தாங்கி நிறுத்துகிறது. அதன் இயக்கம் அவ்வளவே.

மணிக்கட்டில் இரண்டு மாற்றங்களைக் கண்டால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம். ஒன்று, சுண்டுவிரலையோ மோதிர விரலையோ திடீரென்று நிமிர்த்த முடியாமற்போவது. மணிக்கட்டின் பின்புறம் அரிக்கப்பட்ட எலும்பு உரசி நாண் அறுந்திருக்கக் கூடும். மற்றொன்று, பெருவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றில் இரவில் மரத்துப்போவது. வீக்கத்தால் நரம்பு நசுங்குவதன் அறிகுறி அது. இரண்டுக்கும் உடனே வாருங்கள்.

ஸ்ப்ளின்ட் எதைச் செய்யும், எதைச் செய்யாது?

ஸ்ப்ளின்ட்கள் பல வகை. பகலில் வேலையின்போது அணிவது ஒரு வகை. அது மணிக்கட்டை மட்டும் தாங்கி, விரல்களுக்கு விடுதலை தரும். இரவில் ஓய்வின்போது அணிவது இன்னொரு வகை. அது முன்கை முதல் விரல் நுனி வரை ஏந்திக்கொள்ளும். விரல்கள் அன்னத்தின் கழுத்தைப்போல் வளைந்தவர்களுக்கு மோதிரம் போன்ற சிறு வளைய ஸ்ப்ளின்ட்களும் உண்டு. கடையில் ‘கை பெல்ட்’ என்று கேட்டால் இவற்றுள் எது கிடைக்கும் என்பது கடைக்காரரின் கையிருப்பைப் பொறுத்தது.

இவற்றின் பயன் பற்றி நேர்மையாகப் பேச வேண்டும். 2001-இல் காக்ரேன் அமைப்பு, அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மணிக்கட்டு ஸ்ப்ளின்டின் பயனை உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்றே முடிவு கூறியது. 2008-இல் நெதர்லாந்தில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், வேலைக்கான ஸ்ப்ளின்டை நான்கு வாரங்கள் அணிந்தவர்களின் மணிக்கட்டு வலி கணிசமாகக் குறைந்தது. அதே ஆண்டு பிரிட்டனில், நோயின் தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு ஓய்வு ஸ்ப்ளின்ட் கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

இவற்றிலிருந்து நாங்கள் கொள்ளும் பொருள் இது. வேலை செய்யும்போது மணிக்கட்டு வலிக்கிறதா? வேலைக்கான ஸ்ப்ளின்டை முயன்று பார்ப்பது தகும். அது வலியைக் குறைத்து அந்த வேலையைச் செய்ய உதவலாம். ஆனால், ‘இதைப் போட்டால் கை கோணாது’ என்று எவரேனும் உறுதி கூறினால் நம்ப வேண்டாம். நாங்களே கூறியிருந்தாலும் நம்ப வேண்டாம். இரவு ஸ்ப்ளின்ட் சிலருக்கு இதமாக இருக்கிறது, அவர்கள் அணியட்டும். இதமில்லாதவர்கள் அணியவில்லையே என்று குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை.

எலும்பு அரிப்பைத் தடுப்பது மருந்து. மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகளை முறையாகத் தொடர்ந்து உட்கொள்வதே கை கோணாமல் காக்கும் வழி. ஸ்ப்ளின்ட் அணிந்ததும் வலி குறைகிறது. வலி குறைந்ததும் சிலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நோய் உள்ளே அரித்துக்கொண்டே இருக்க, வெளியே கை அமைதியாகத் தோன்றும். இவ்வாறு இழந்த கைகளை நாங்கள் கண்டிருக்கிறோம். மற்றொரு எச்சரிக்கையையும் இங்கே சொல்லிவிடுகிறோம்: மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் உட்கொள்ளும் மருந்து. மறதியாலோ அவசரத்தாலோ நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

‘தொழில்’ என்ற சொல் மறைப்பது

ஆக்குபேஷனல் தெரபியைத் தமிழில் ‘தொழில்முறைச் சிகிச்சை’ என்றும் ‘செயல்முறைச் சிகிச்சை’ என்றும் வழங்குகிறார்கள். முதற்பெயரைக் கேட்பவர்கள், அது வேலைக்குச் செல்வோருக்கு உரியது என்று எண்ணிவிடுகிறார்கள். “நான் வீட்டிலதானே இருக்கேன், எனக்கு எதுக்கு?” என்று இல்லத்தரசிகள் கேட்கிறார்கள். இங்கே தொழில் என்பது ஒரு மனிதரின் நாளை நிரப்பும் அத்தனை செயல்களையும் குறிக்கும். பல் துலக்குவது, ரவிக்கையின் கொக்கி மாட்டுவது, சேலைக்குக் கொசுவம் வைப்பது, சோறு வடிப்பது, கோலமிடுவது, பேருந்தில் கம்பியைப் பற்றிக்கொள்வது, பேரக்குழந்தையைத் தூக்குவது, எல்லாம் தொழிலே.

இது இயன்முறை மருத்துவத்தின் மறுபெயரும் அன்று. மூட்டின் அசைவும் தசையின் வலிமையும் இயன்முறை மருத்துவரின் முதற்கவனம். அந்த அசைவையும் வலிமையையும் கொண்டு நீங்கள் எதைச் செய்ய விரும்புகிறீர்கள், எது தடைப்படுகிறது, எப்படி மாற்றிச் செய்யலாம் என்பது ஆக்குபேஷனல் தெரபிஸ்டின் கவனம். நம் நாட்டுக்கு இது புதிய துறையும் அன்று. 1950-இல் மும்பையின் கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் இத்துறைக்கான முதல் பள்ளியைத் தொடங்கினார். 2021-இல் இயற்றப்பட்ட நடுவணரசின் சட்டம் ஒன்று, இத்துறையினரை அங்கீகரிக்கப்பட்ட சுகாதார வல்லுநர்களின் பட்டியலில் சேர்த்துள்ளது. இருந்தும், முடக்குவாத நோயாளிகளுள் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரை ஒருமுறையேனும் சந்தித்தவர்கள் எங்கள் வெளிநோயாளர் பிரிவில் சிலரே. அனுப்பி வைக்க வேண்டியவர்கள் நாங்கள்.

முதலில் சொன்ன அம்மையாரை அன்றே அனுப்பி வைத்தோம். தெரபிஸ்ட் அவருடைய கையைத் தொடுவதற்கு முன், “காலையில எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் என்னென்ன செய்வீங்க அம்மா?” என்று கேட்டார். பதில் கிடைக்க அரை மணி நேரம் ஆயிற்று. ஏழு ஆண்டுகளில் நாங்கள் ஒருமுறையும் கேட்காத கேள்வி அது. ஐந்து லிட்டர் பானையைச் சாய்த்துக் கஞ்சி வடிப்பது, கிரைண்டரிலிருந்து மாவை அள்ளுவது, வேட்டி துவைத்துப் பிழிவது, தேங்காய் துருவுவது ஆகிய நான்கிலும் வலி மிகுதி என்பது வெளிப்பட்டது. கையைக் கழுவிக்கொண்டே செய்யும் வேலைகளில் ஸ்ப்ளின்ட் நனைந்து நாறும். சமைக்கும் கையில் அது அவருக்கு அருவருப்பு. அணியாததற்கு இதுவும் ஒரு காரணம். வளையலைக் கழற்ற மனமில்லாதது இன்னொரு காரணம். இரண்டையும் அவர் எங்களிடம் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

தெரபிஸ்ட் நான்கு வேலைகளுக்கும் நான்கு வெவ்வேறு விடைகளைத் தந்தார். பானையைத் தூக்க வேண்டாம். சோற்றைக் கரண்டியால் வடிதட்டுக்கு மாற்றலாம், அல்லது குக்கருக்கு மாறலாம். மாவை ஒரே மூச்சில் அள்ளாமல் சிறு கிண்ணத்தால் மொண்டு எடுக்கலாம். ஈரத்துணியைக் குழாயில் சுற்றி, இரு முனைகளையும் உள்ளங்கைகளால் அழுத்தி நீரை வெளியேற்றலாம். திருகிப் பிழியவே கூடாது. தேங்காய் துருவுவதை மகனிடம் ஒப்படைத்துவிடலாம். ஸ்ப்ளின்ட் எதற்கு? பெருக்குவதற்கும், காய்கறிப் பை சுமந்து வருவதற்கும், பேருந்துப் பயணத்துக்கும், துணி மடிப்பதற்கும். ஈரம் படாத வேலைகள் இவை. வலக்கைக்கு மட்டும், வேலை நடக்கும் நேரத்துக்கு மட்டும். வெந்நீரில் இளகும் தெர்மோபிளாஸ்டிக் தகட்டை அவர் கைமீதே வைத்து வார்த்துப் புதிய ஸ்ப்ளின்ட் ஒன்றைச் செய்து கொடுத்தார். வளையல்கள் இடக்கைக்கு மாறின.

இவ்வகை அறிவுரைகளை மூட்டுப் பாதுகாப்பு என்பார்கள். சிறு மூட்டின் சுமையைப் பெரிய மூட்டுக்கு மாற்றுவது, ஒரு கையால் தூக்குவதை இரு கைகளால் ஏந்துவது, திருகுவதைத் தவிர்ப்பது, கரண்டிக்கும் கத்திக்கும் துணி சுற்றிப் பிடியைத் தடிப்பாக்குவது, கடின வேலையை விறைப்பு நீங்கிய பின்னர் செய்வது என்பன அதன் அடிப்படைகள். எழுதிக் கொடுத்த தாளைவிட, செய்து காட்டிச் செய்ய வைத்துப் பழக்கும்போதே இவை நிலைக்கின்றன.

ஸ்ப்ளின்டைக் கழற்றிய பிறகு கை சும்மா இருக்கலாகாது. பிரிட்டனில் 17 மருத்துவமனைகளில் 490 முடக்குவாத நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2015-இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வு இதைத் தெளிவாக்கியது. வழக்கமான சிகிச்சையுடன், ஒவ்வொருவரின் கைக்கும் ஏற்பத் திட்டமிட்ட நீட்டல் பயிற்சிகளையும் வலுவூட்டும் பயிற்சிகளையும் செய்தவர்களின் கைத்திறன் ஓராண்டின் முடிவில் மற்றவர்களுடையதைவிட மேம்பட்டிருந்தது. வலுவூட்டும் பயிற்சி மூட்டைக் கெடுத்துவிடும் என்ற அச்சம் மருத்துவர்களிடமும் நெடுங்காலம் இருந்தது. அந்த ஆய்வில் அத்தகைய தீங்கு தென்படவில்லை. நாள் முழுவதும், நாள்தோறும் ஸ்ப்ளின்டுக்குள்ளேயே கையை வைத்திருந்தால் மூட்டு இறுகித் தசை மெலியும். ஆகையால், அணியாமலே இருப்பது எவ்வளவு வீணோ, கழற்றாமலே இருப்பதும் அவ்வளவு தவறு.

உங்கள் ஸ்ப்ளின்டை நீங்களே சோதியுங்கள்

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை என்பதை அறிவோம். கடையில் வாங்கியதே கையில் இருந்தாலும் சிலவற்றை நீங்களே பார்க்கலாம்.

உள்ளங்கையில் கைரேகைக்காரர்கள் இருதய ரேகை என்று சொல்லும் கோட்டைப் பாருங்கள். ஸ்ப்ளின்ட் அந்தக் கோட்டுக்குக் கீழேயே முடிந்துவிட வேண்டும். தாண்டினால் விரல்கள் மடங்கா. பெருவிரலைச் சுற்றி வளையும் ஆயுள் ரேகையையும் அது மூடக் கூடாது. மூடினால் பெருவிரல் மற்ற விரல்களின் நுனியைத் தொட இயலாது. அணிந்துகொண்டு ஒரு டம்ளரைப் பற்றுங்கள், ஒரு சாவியைத் திருப்புங்கள், ஒரு பொத்தானை மாட்டுங்கள். அணிவதற்கு முன் முடிந்தது அணிந்த பின் முடியாமற்போனால் அந்த ஸ்ப்ளின்ட் உங்களுக்கு உரியதன்று.

புதிதாக அணிவோர் முதல் நாள் அரை மணி நேரம் அணிந்து கழற்றித் தோலைப் பாருங்கள். சிவந்த தடம் 20 நிமிடங்களுக்குள் மறைந்தால் நல்லது. அதன் பிறகும் மறையாவிட்டால் அந்த இடம் அழுத்துகிறது என்று பொருள். திருத்தாமல் தொடர்ந்து அணியாதீர்கள். நீரிழிவு உள்ளவர்களும், நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொண்டு தோல் மெலிந்தவர்களும் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். விரல்கள் வீங்கினாலோ, நிறம் மாறினாலோ, மரத்தாலோ உடனே கழற்றிவிடுங்கள்.

தெர்மோபிளாஸ்டிக் ஸ்ப்ளின்டை வெந்நீரில் கழுவாதீர்கள். அடுப்பருகிலும், வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் வைக்காதீர்கள். உருக்குலைந்துவிடும். குளிர்ந்த நீரும் சோப்பும் போதும். துணியால் ஆனதைத் துவைத்து முழுவதும் உலர்ந்த பின்னரே அணியுங்கள். உண்ணும்போது கழற்றி வைத்துவிடுங்கள். இருசக்கர வாகனம் ஓட்டுவோர், பிரேக்கையும் கிளட்ச்சையும் தடையின்றி அழுத்த முடிகிறதா என்று வண்டி நிற்கும்போதே பார்த்துவிட்டு, எங்களிடமும் கேட்ட பின்னரே அணிந்துகொண்டு ஓட்ட வேண்டும்.

உடனிருப்போருக்குச் சில சொற்கள்

முடக்குவாதம் உள்ளவரை அன்பால் முடக்கிவிடும் குடும்பங்களைப் பார்க்கிறோம். “நீ ஒண்ணும் செய்யாதே, உக்காரு” என்பது பரிவான சொல்தான். ஆனால் முப்பது ஆண்டுகள் ஒரு சமையலறையை ஆண்டவருக்கு அது பதவி நீக்க ஆணைபோல் ஒலிக்கலாம். அவரிடமே கேளுங்கள்: எந்த வேலையை விட்டுக்கொடுக்கச் சம்மதம், எதை விட்டுக்கொடுக்க மனமில்லை? பானை தூக்குவதை விட்டுவிடுவார். குழம்புக்குத் தாளிப்பதையும் பூக் கட்டுவதையும் விடமாட்டார். விட மனமில்லாத வேலைக்காகவே எங்கள் உதவி தேவைப்படுகிறது.

இதற்கு நேர்மாறான குடும்பங்களும் உண்டு. “நேத்து சாயந்தரம் நல்லாத்தானே இருந்தே?” என்று காலையில் கேட்பவர்கள் அவர்கள். இந்நோயில் காலையும் மாலையும் ஒன்றல்ல. ஏழு மணிக்குத் தண்ணீர்ச் செம்பைத் தூக்க முடியாதவர் பதினொரு மணிக்குத் துணி மடிப்பார். அது நடிப்பன்று, நோயின் இயல்பு. காலை நேரத்துக் கனமான வேலைகளை வீட்டில் உள்ள ஆண்களும் பிள்ளைகளும் பகிர்ந்துகொள்வதே சிகிச்சையின் ஒரு பகுதி. கிரைண்டரை இடுப்பு உயரத்துக்கு ஏற்றுவதும், அன்றாடப் பாத்திரங்களைக் கைக்கெட்டும் தட்டுக்கு மாற்றுவதும், திருகு குழாயை நெம்பு குழாயாக மாற்றுவதும் ஓர் ஞாயிற்றுக்கிழமையில் முடியும் வேலைகள்.

ஆண் நோயாளிகளைப் பற்றியும் ஒரு சொல். தறி நெய்வோர், தையற்கலைஞர், ஓட்டுநர் ஆகியோர் ஸ்ப்ளின்டை மறைக்கவே விரும்புகிறார்கள். முதலாளி பார்த்தால் வேலை போய்விடும் என்ற அச்சம் அதன் காரணம். அந்த அச்சத்தையும் தெரபிஸ்டிடம் சொல்லுங்கள். எந்த நேரத்தில், எந்தக் கட்டத்தில் மட்டும் அணிந்தால் போதும் என்று அதற்கேற்பத் திட்டமிட முடியும்.

எங்கள் கடமை, உங்கள் கேள்வி

இதற்கெல்லாம் நேரம் ஏது, பணம் ஏது என்று கேட்கலாம். ஒருமுறை மருத்துவமனைக்கு வந்தால் ஒரு நாள் கூலி போகிறது. துணைக்கு வருபவரின் கூலியும் போகிறது. இந்தத் தடையை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் பொருந்தாத ஸ்ப்ளின்டை வாங்கி பீரோவில் வைப்பதும் செலவே. எனவே மருந்துக்கு வரும் நாளிலேயே தெரபிஸ்டையும் சந்திக்கும்படி ஏற்பாடு செய்ய வேண்டியது மருத்துவமனைகளின் பொறுப்பு. அன்றாடச் செயல்களில் இடர்ப்பாடோ கைத்திறன் குறைவோ உள்ள முடக்குவாத நோயாளிகள் அனைவருக்கும் ஆக்குபேஷனல் தெரபி கிடைக்க வேண்டும் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. நம் நோயாளிகளின் கைகள் அதற்குக் குறைந்தவை அல்ல.

மருத்துவர்களாகிய நாங்கள் செய்ய வேண்டியது எளிது. வீங்கிய மூட்டுகளை எண்ணும்போதே, “சென்ற மாதம் முடிந்த எந்த வேலை இந்த மாதம் முடியவில்லை?” என்று கேட்க வேண்டும். ஸ்ப்ளின்ட் எழுதினால் எந்தக் கை, எந்த வேலை, எவ்வளவு நேரம், மறுபார்வை எப்போது என்ற நான்கையும் எழுத வேண்டும். நாங்கள் எழுத மறந்தால் நீங்கள் கேளுங்கள். கேட்பதால் எந்த மருத்துவரும் சினம் கொள்ளலாகாது.

அந்த அம்மையார் மூன்று மாதங்கள் கழித்து மீண்டும் வந்தார். வலி முற்றிலும் போய்விடவில்லை. மழைக்காலத்தில் இரண்டு வாரம் துன்பப்பட்டதாகவும் சொன்னார். இரவு ஸ்ப்ளின்ட் வேண்டாம் என்று தாமே முடிவு செய்திருந்தார், நாங்கள் மறுக்கவில்லை. இம்முறை ஸ்ப்ளின்ட் பையில் இல்லை, கையில் இருந்தது. ஓரத்தில் மஞ்சள் கறை. ஒட்டும் பட்டை நூல் பிரிந்து, மாற்ற வேண்டிய நிலைக்கு வந்திருந்தது. பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாகவே வந்ததாகச் சொன்னார். மகள் அன்று வேலைக்குப் போயிருந்தார்.

அடுத்த முறை வரும்போது உங்கள் ஸ்ப்ளின்டையும் எடுத்து வாருங்கள். கறை படிந்திருந்தாலும் சரி, உறை பிரிக்காமல் இருந்தாலும் சரி. பிரிக்காமல் இருந்தால் தயங்காமல் காட்டுங்கள். ஏன் அணியவில்லை என்பதை நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.